அடியில் வரும் வரி

ஈரத்துண்டால் அப்பாவின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த ரித்திகாவை வாசலிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். மருதாசலம். அப்பாவைப் போலவே கோழிப்பண்ணைக்காரர். விடிகாலையில் அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார் என்று கேட்டதும் ஆனைமலையிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தார்.

“ஏனுங்க அம்மணி, அப்பா எழுதுனதையெல்லாம் நீங்க எடுத்து வெச்சிருக்கறதாச் சொன்னாருங்க. ஒண்ணு காட்டுங்க, நாலு பேரு கேக்கறாப்பல படிச்சுப்போடறேன்.”

பல்லடத்தில் பண்ணை வைத்திருந்த அப்பா வெள்ளியங்கிரி, ஒரு வலைத்தளத்தில் பன்னிரண்டு வருஷம் கோழி நோய்களைப் பற்றி எழுதினார். தளத்தை மூடப்போகிறார்கள் என்றதும் மகளிடம்தான் வந்து நின்றார். பீளமேட்டு ஆபீசில் அவளுக்கு அதுதானே பிழைப்பு! அவள் எழுதும் புரோகிராம் தானாகவே பிரவுசரைத் திறக்கும், பக்கம் பக்கமாகப் போகும், எழுத்தை மட்டும் உருவிக்கொண்டு வரும். நானூறு பக்கம், பத்தே நிமிஷம். அதில் ஒரு பக்கத்தையாவது அவள் படித்தாளா என்றால், அதுதான் இல்லை.

“படிச்சுப் பாத்தியா கண்ணு?” என்று போனில் கேட்டார்.

“எல்லாம் பாத்தேன்ப்பா. சூப்பரா இருக்குது.”

அது போன மாதம். தளத்தையும் மூடியாகிவிட்டது.

ரித்திகா போனில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து நீட்டினாள். மருதாசலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தால் என்ன செய்வது என்பதைச் சாவு வீடே கேட்க உரக்கப் படித்தார். அழுதுகொண்டிருந்தவர்கள்கூட அடங்கிக் கேட்டார்கள். முடித்துவிட்டுத் திரையை மேலும் கீழும் தள்ளினார்.

“கடைசி வரியக் காணமேங்க?”

“என்ன வரிங்க?”

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மருதாசலம் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

“எல்லாத்துக்கும் அடியில ஒரே வரிதானுங்க போடுவாரு. ‘தப்பு இருந்தா பொறுத்துக்குங்க, நேரம் கெடைக்கறப்ப என்ற மக படிச்சுப் பாத்துத் திருத்தித் தரும்’னு.”

பக்கத்துக்குப் பக்கம் அடியில் ஒரே வரி வந்தால் அது விளம்பரமாகத்தான் இருக்கும், குப்பை, தூக்கிவிடு. புரோகிராமில் அப்படி எழுதி வைத்தவள் அவள்தான். அவமானம் பிடுங்கித் தின்றது. மருதாசலம் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“வா சாமி, வாய்க்கரிசி போடோணும்” என்று அத்தை தெய்வாத்தாள் உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

அப்பாவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். அத்தை அரிசித் தட்டை நீட்டினாள்.

“கொஞ்சம் இருங்க அத்தை” என்றாள் ரித்திகா. போனில் முதல் பக்கத்தைத் திறந்திருந்தாள்.