நாலு ஸ்பேடு

லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். முப்பது வருஷத்தில் லிஃப்டில் மாட்டிக்கொண்ட மனிதர்களை வெளியே எடுத்த கணக்கைப் பார்த்தால் ஒரு சின்ன ஊரையே குடியமர்த்தலாம். அப்பேர்ப்பட்டவர், அந்த வியாழக்கிழமை மத்தியானம், நூலகத்தின் அடித்தள அறையில், தூணுக்கும் பிரிட்ஜ் சீட்டாட்ட மேஜைக்கும் நடுவே, முன்னே பின்னே நகர முடியாத நாற்காலியில் பதின்மூன்று சீட்டோடு மாட்டிக்கொண்டார்.

எதிரே அவர் ஜோடி, அதாவது வீட்டம்மா. கணக்கு டீச்சராக இருந்தவர். கிளம்பும்போதே வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"இன்னிக்கும் பயந்து ஒண்ணும் கேக்காம பாஸ் போட்டீங்க, அடுத்த வாரத்துலேர்ந்து நான் பல் டாக்டரோட ஆடுறேன். அவர் எப்பக் கூப்பிட்டாலும் ரெடியாம். நீங்க செடிக்குத் தண்ணி ஊத்துங்க."

அந்தப் பல் டாக்டர் இப்போது மெக்கானிக்கின் இடப்பக்கத்தில், முப்பத்திரண்டும் தெரியச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். வலப்பக்கத்தில் டாக்டரின் ஜோடி, ஏலக்காரர். தொழிலில் ஆயுள் முழுக்க அடிமட்டத்திலிருந்து ஒவ்வொரு படியாகக் கூவி நொந்துபோனவர், சீட்டு மேஜையில் அதற்குப் பழிதீர்த்துக்கொள்வார். எத்தனை பிடி எடுப்பேன் என்கிற கேள்வியை அடிமட்டத்தில் தொடங்குவது அவர் ஜாதகத்திலேயே இல்லை. மற்றவர்கள் வாயைத் திறப்பதற்குள் கூரையில் ஏறி உட்கார்ந்துவிடுவார். கையில் சீட்டு இருக்கிறதோ இல்லையோ, எதிராளிகள் தங்களுக்குள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள இடம் இருக்கக் கூடாது.

கடைசி ஆட்டம். ஏலக்காரர் முதல் கேள்வி கேட்க வேண்டும். சீட்டைப் பிரித்த மறுநொடி கேள்விப் பெட்டியிலிருந்து அட்டையை எடுத்துப் போட்டார்: நாலு ஸ்பேடு. ஸ்பேடு துருப்பு, பத்துப் பிடி என் பொறுப்பு என்று சபதம்.

மெக்கானிக் தன் கையைப் பார்த்தார். ஸ்பேடில் ஒரே ஒரு நோஞ்சான். மற்றபடி மூன்று ஆஸ், ஹார்ட்டின் ராஜா, டைமன் ராணி, கிளாவர் ஜாக்கி. பத்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் கை, வரக் கூடாத நேரத்தில் வந்திருக்கிறது. ஐந்தாம் மாடிக்கு ஏறிக் கேட்கலாம், ஆனால் எதில்? டீச்சரிடம் என்ன இருக்கிறதென்று கேட்க அந்த ஏலக்காரப் பாவி ஒரு படிகூட மிச்சம் வைக்கவில்லை. 'உன்னால் முடியாது' என்று டபுள் போடலாம். போன மாதம் போட்டார். டீச்சர் அதை நம்பி ஐந்து ஹார்ட்டினுக்குத் தாவி, மூன்று பிடி குறைந்து, பேருந்தில் வீடு வரைக்கும் பேசவில்லை. அதற்கப்புறம்தான் இந்தப் பாஸ் வியாதி.

நெற்றியில் வழிந்த வியர்வையில் ஒரு கப்பலே விடலாம்.

"மெக்கானிக்கு, மூச்சு இருக்கா?" என்றார் ஏலக்காரர்.

"பல்லு வலியோ என்னவோ, பாவம்" என்றார் டாக்டர்.

டீச்சர் கண்ணைச் சீட்டை விட்டு எடுக்கவில்லை. அப்போதுதான் மெக்கானிக்குக்கு உறைத்தது: ஒரு நிமிஷம் ஓடிவிட்டது. இவ்வளவு நேரம் முழித்துவிட்டுப் பாஸ் போட்டால், கையில் சரக்கு இருப்பது ஜோடிக்குத் தெரிந்துபோகும். அப்படித் தெரிந்ததை வைத்து ஜோடி கேள்வி கேட்கக் கூடாது, அது விதி. விதி என்றால் டீச்சர் தாலி கட்டிய புருஷனையே பெஞ்சில் ஏற்றுவார். யோசித்து யோசித்து, தான் தப்பிக்கும் கதவையும் சாத்தி, டீச்சர் கதவுக்கும் பூட்டுப் போட்டாயிற்று.

லிஃப்டில் மாட்டியவர்களுக்கு அவர் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: நின்ன இடத்துல குதிக்காதீங்க. இன்றைக்குக் குதிக்காவிட்டால் வேறு வழியில்லை. டபுள் அட்டையை எடுத்து வைத்தார். எடுத்த வேகத்தில் பாஸ் அட்டையும் கூடவே பாதி வந்து, நல்லவேளை, பெட்டிக்குள்ளேயே விழுந்தது.

டாக்டர் பாஸ். டீச்சர் நாலு சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, பாஸ். ஏலக்காரரும் சிரித்துக்கொண்டே பாஸ்.

மெக்கானிக் ஹார்ட்டின் ஆஸை மேஜை அதிர அடித்தார். ஏலக்காரர் அதைப் பொடித் துருப்பால் வெட்டினார்! அந்த மனுஷன் கையில் ஹார்ட்டினே கிடையாது. ஸ்பேடு மட்டும் ஒன்பது. ஆயுளில் முதல் தடவையாக, போட்ட வெடிச் சத்தத்துக்கு உள்ளே மருந்தும் இருந்தது. மெக்கானிக்கின் ராணியை அமுக்க, டைமன் ராஜா டாக்டரிடம் சொகுசாக உட்கார்ந்திருந்தார். பத்துப் பிடி, சுளையாக. அந்த அறையில் ஆடிய எல்லா ஜோடிகளிலும் கடைசி இடம் மெக்கானிக் தம்பதிக்கு.

"அப்ப... டாக்டரோடயா?" என்றார் மெக்கானிக், தொண்டைக்குள்ளேயே.

டீச்சர் அவர் சீட்டுகளை வாங்கி விரித்து, விடைத்தாள் திருத்துவதுபோல் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எதுக்கு? இந்தக் கையில டபுள் போடாதவன் சீட்டையே தொடக் கூடாது. கணக்குச் சரி, விடைதான் தப்பு. அந்த ஆளு ஒருநாள் உண்மை பேசினா நாம என்ன செய்ய முடியும்? ஆனா அடுத்த தடவை பத்தே செகண்டுல போடணும், புரிஞ்சுதா?"

"டீச்சர், நான் வேற தயாரா இருந்தேனே" என்றார் டாக்டர்.

"நீங்க பல்லைப் பாருங்க டாக்டர்" என்று எழுந்துபோய், பலகையில் அடுத்த வியாழனுக்குப் பெயர் எழுதினார் டீச்சர். அதே மேஜை. அதே தூண்.

மெக்கானிக் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. அவர் மீட்ட அத்தனை பேரில், அடுத்த வாரத்துக்கும் அதே லிஃப்டில் இடம் போட்டு வைத்த ஆள் ஒருவர்கூட இல்லை.

"ஏங்க, வரீங்களா இல்லையா?" என்று படிக்கட்டிலிருந்து குரல் வந்தது.

"ஏலக்காரரே," என்றார் மெக்கானிக், "மேஜையைக் கொஞ்சம் இழுங்க."