ஒற்றைக் கம்பளியின் தாளம்

புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, மாதிரி இசைத்தட்டைக் கைக்குழந்தை போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒலிப்பொறியாளர் சலவைக்கடைக்குள் நுழைந்தார். கடைக்காரம்மா கவுண்டரை ஈரத்துணியால் துடைத்து, அது காய்ந்த பிறகுதான் தட்டை வாங்கி வைத்தாள். அவள் கணவர் இஸ்திரி மேசையில் ஒரு சட்டைக் காலரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். நாற்பத்திரண்டு வருடங்களுக்கு முன் இந்தக் கடைக்கு நேர் மேலே ஒரு வாடகை அறை இருந்தது. அதில் அவளும் அவள் தம்பியும் ஒன்பது பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். அவள் பாடினாள், தம்பி கிட்டார் வாசித்தான். முந்நூறு தட்டுகள் அச்சடித்ததில் நாற்பதுதான் விற்றது. அந்த நாற்பதில் பாதி சொந்தக்காரர்கள் தலையில் கட்டியது. அத்தோடு அவள் பாட்டை மூட்டை கட்டிவிட்டு, கீழ்க்கடைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு கவுண்டரில் உட்கார்ந்தாள். இரண்டு வருடங்களுக்கு முன் யாரோ ஒருவர் பழைய சாமான் குவியலில் ஒரு தட்டைக் கண்டெடுத்து இணையத்தில் போட, லட்சக்கணக்கானவர்கள் கேட்டுவிட்டார்கள். இந்த இசை வகைக்கு என்ன பெயர் வைப்பதென்று தெரியாமல் ‘சைக்கடெலிக் ஃபோக் சோல்’ என்று மூன்று தலை உள்ள பெயராக வைத்தார்கள். இப்போது ஒரு நிறுவனம் அதை மறுபடியும் வெளியிடுகிறது.

“கேளுங்கக்கா, கண்ணாடி மாதிரி இருக்கும்,” என்று ஒலிப்பொறியாளர் கையோடு கொண்டுவந்த பெட்டியில் தட்டைச் சுழலவிட்டார்.

கண்ணாடி மாதிரிதான் இருந்தது. இருபத்து மூன்று வயதுக் குரல் பக்கத்தில் நின்று பாடியது. முதல் பாட்டில் அவள் முகம் மலர்ந்தது. இரண்டாவதில் நெற்றி சுருங்கியது. மூன்றாவதில் கையை நீட்டி ஊசியைத் தூக்கிவிட்டாள்.

“பாட்டு நொண்டுதே தம்பி. அடியில தொம் தொம்னு ஒரு குத்து வருமே, எங்க அது?”

“அதுவா! மூல டேப் கிடைக்கல இல்லையா, பழைய தட்டுலேர்ந்துதான் எடுத்தோம். தட்டு வளைஞ்சு போயிருந்தா ஒவ்வொரு சுத்துக்கும் அப்படி இடிக்கும். நாலு மாசம் உட்கார்ந்து ஒவ்வொண்ணா எடுத்தேன். ரெண்டாயிரத்துச் சொச்சம் குத்து!”

“போச்சு! ரெண்டாயிரமும் எங்க தாளம்.”

பொறியாளர் சிரிக்கப் பார்த்தார்; அவள் சிரிக்கவில்லை. மறுநாள் காலை அச்சு தொடங்குகிறது, மாலை ஐந்து மணிக்குள் சரியென்று சொல்லியாக வேண்டும், விட்டால் அடுத்த முறை எட்டு மாதம் கழித்துத்தான் என்று அவர் இழுத்தார்.

அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. அந்தக் குத்தில் நிலா வெளிச்சம் கேட்கிறது, கடலின் ஆழம் கேட்கிறது என்றெல்லாம் ஊர் பேர் தெரியாதவர்கள் எழுதுகிறார்கள். அது கீழ்க்கடைச் சலவை மெஷின் என்று சொன்னால் சிரிப்பார்களே? பேசாமல் விட்டுவிடலாமா? மனம் கேட்கவில்லை, தம்பிக்கு ஃபோன் போட்டாள். அவர் இப்போது பல் டாக்டர்.

“சுத்தமா இருக்குன்னா விட்டுடேன் அக்கா.”

“பல்லா இது, சுத்தம் பண்ணிட்டு விடறதுக்கு? மூணாவது பாட்டை அந்தக் குத்து இல்லாம வாசி பார்ப்போம்.”

தம்பி மறுமுனையில் வாயாலேயே கிட்டார் வாசித்தார். பாதியில் நிறுத்தினார். “நான் எங்க சேரணும்னே தெரியலையே அக்கா! வேணும், அந்தக் குத்து வேணும். வாயை மூடாதீங்க! அட, உன்னைச் சொல்லல, இங்க நாற்காலியில ஒருத்தர் இருக்கார்.”

அவள் ஃபோனை வைத்துவிட்டுப் பொறியாளரை நிமிர்ந்து பார்த்தாள். “மெஷின் சத்தம்தான் தம்பி. அதோட சண்டை போட்டுப் பார்த்தோம், முடியல. கடைசியில எல்லா மெட்டையும் அதுக்கு ஏத்தாப்புல போட்டுக்கிட்டோம். நம்பலைன்னா போட்டுக் காட்டறேன். ஏங்க, அந்தப் பழைய மெஷின்ல ஒரு கம்பளி போடுங்க.”

புது மெஷின்கள் எடை ஒரு பக்கம் சாய்ந்தால் தாமாகவே நின்றுவிடும். மூலையில் மிதியடி துவைக்க வைத்திருந்த பழசுக்கு அந்த அறிவெல்லாம் கிடையாது.

“ஒண்ணா? ரெண்டு போடறேன்,” என்றார் கணவர். “ஒத்தைக் கம்பளி ஈரத்துல ஒரு பக்கமா ஒதுங்கிக்கும். மெஷின் குதிக்கும். தொழில்ல இறங்கின நாள்லேர்ந்து அந்தத் தப்பை நான் பண்ணினதில்லை.”

“அப்போ அந்தக் காலத்துல எப்படி சார் குத்து வந்தது?” என்று கேட்டார் பொறியாளர்.

கணவர் காலரை இன்னொரு முறை தேய்த்தார். அது ஏற்கெனவே தகடாகியிருந்தது.

“ஏங்க?” என்றாள் அவள்.

“வியாழக்கிழமை மட்டும் ஒண்ணு போடுவேன்.”

வியாழக்கிழமைதான் அவர்கள் பாடும் நாள்.

“வேணும்னேவா?”

“சத்தம் வந்தா நீ சண்டை போட இறங்கி வருவே. வேற எப்படித்தான் உன்கிட்ட பேசறது?”

பொறியாளர் கூரையைப் பார்த்தார். அவளுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன.

“மூணு தடவை வந்தேன். அப்புறம்தான் வரதையே விட்டுட்டேனே. பிறகும் எதுக்குப் போட்டீங்களாம்?”

“நீங்கதான் அதை வச்சுப் பாட ஆரம்பிச்சிட்டீங்களே. நடுவுல நிறுத்தினா பாட்டு விழுந்துடாதா? படியில நின்னு கேட்டுக் கேட்டு, எந்தப் பாட்டுக்கு எந்தக் கம்பளின்னு கணக்கு வச்சிருந்தேன். மெதுவான பாட்டுக்குப் பெரிசு.”

அவளே ஒரு பெரிய கம்பளியை நனைத்து உள்ளே திணித்தாள். மெஷின் முனகி, சுழன்று, தொம் தொம்மென்று தரையை இடித்தது. கவுண்டரில் கையூன்றி மூன்றாவது பாட்டை எடுத்தாள். குரல் முன்னைப்போல் மேலே போகவில்லை. தாளம் மட்டும் இம்மி பிசகவில்லை. இரண்டு வரி முடிவதற்குள் பொறியாளரின் கால் ஆடத் தொடங்கியிருந்தது. அவர் வாசலுக்குப் போய் ஃபோனில் பேசினார். “அஞ்சு மணிக்கு வேற பிரதி வரும். ஆமாம், சுத்தம் பண்ணாததுதான். கீறலை மட்டும் எடுக்கறேன்.” நாலு மாத வேலை போனதே என்று ஒரு பெருமூச்சு விட்டார், திரும்பி வந்து, “உறையில தாளத்துக்கு யார் பேரைப் போட?” என்று கேட்டார்.

“இவர் பேரைப் போடுங்க. மத்ததை நீங்க கிளம்பினதும் நான் பேசிக்கறேன்.”

தட்டு வெளிவந்தது. அவள் பயந்தபடி யாரும் சிரிக்கவில்லை. வந்த கடிதங்களில் பாதி தாளக்காரருக்கே வந்தன. தாமும் ஒற்றைக் கம்பளியைப் போட்டுப் பார்த்ததாகவும், மெஷின் சுவரைவிட்டு நடந்து வாசல்வரை வந்துவிட்டதாகவும் ஒருவர் படத்தோடு எழுதியிருந்தார். கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிசையாகப் பதில் எழுத உட்கார்ந்தார்: அன்புடையீர், கம்பளிகளை எப்போதும் இரண்டிரண்டாகப் போடவும். பாட்டுக்காரி மாடியில் இருந்தால் மட்டும் விதிவிலக்கு.