மூன்று அங்குல ஓட்டை

சகலை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிய கையோடு கூலிங்காரர் செய்த முதல் வேலை, சட்டைப் பைக்குள் விரலை விட்டு வெப்பமானியின் பொத்தானைத் தட்டிவிட்டதுதான். பேனா பருமன்தான் இருக்கும் அந்தக் கருவி. ஏசி மாட்டி முடித்ததும் வாடிக்கையாளர் கண்ணுக்கு நேரே அதை நீட்டி, "பாத்துக்குங்க, இருபத்திரண்டு" என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், குளிரைத் தானே பெற்றெடுத்தவர் மாதிரி இருக்கும். இருபத்தைந்து வருடத் தொழில். அந்தப் பக்கத்தில் அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் யாருக்கும் தெரியாது, கூலிங்காரர் என்றால் தெரியும். இன்று அவர் அந்தக் கருவியைக் கொண்டுவந்தது தொழிலுக்காக இல்லை. இந்த வீட்டின் குட்டை உடைத்து, மகளைக் கையோடு கூட்டிப் போவதற்காக.

சகலை என்றால் மனைவியின் தங்கை வீட்டுக்காரர். நூலகத்தில் வேலை, வாயைத் திறந்தால் 'படிச்சேன்' என்பார். பின்தெருவில் மனை வாங்கி, எதையெதையோ படித்து, பசுமை வீடு கட்டப்போகிறேன் என்று கிளம்பியபோது கூலிங்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு காலி மனைதான். தன் மொட்டை மாடியில் நின்றபடியே மொத்தத்தையும் வேடிக்கை பார்த்தார். மேற்குப் பக்கம் ஒரு ஜன்னல்கூட இல்லை. கூரை முழுக்க வெள்ளை ஓடு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி, நடுவே காற்றுக்கு இடம் விட்டுக் கட்டினார்கள். அதற்கு எலிப்பொறிக் கட்டு என்று பெயராம். "எலிதான் வரும்" என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தார். கடைசியில் எலி வரவில்லை, அவர் மகள்தான் போய் மாட்டிக்கொண்டாள். பரீட்சைக்குப் படிக்க நாலு நாள் சித்தி வீட்டில் இருக்கிறேன் என்று போனவள், இன்றோடு பதினோரு நாள்.

ஒளித்துப் பேச என்ன இருக்கிறது, பொறாமைதான். அவள் பிறந்து வீட்டுக்கு வருவதற்கு முந்தின நாள், தானே சுவரைத் துளைத்து ஏசி மாட்டியவர் அவர். தெருவிலேயே முதல் ஏசி அவருடையது. அந்தக் குளிரில் வளர்ந்த பெண், எவனோ படித்துக் கட்டிய சுவருக்குள் போய், "இங்க சுகமா இருக்குப்பா" என்று போனில் சொல்கிறாள். அந்த 'சுகமா'வை நினைத்தாலே அவருக்கு வயிறு பற்றி எரிந்தது.

"வாங்க அண்ணா" என்று சகலை மோர் கொண்டுவரப் போனார். கூலிங்காரர் தோள்பையை இறக்காமலே மகள் இருந்த அறைக்குப் போனார். வெளியே முப்பத்தொன்பது. வெப்பமானியை எடுத்துப் பார்த்தார். முப்பது. அவருக்கு உயிர் வந்தது.

"முப்பது! இதுக்குத்தான் இந்த ஆட்டமா? நான் உன் ரூமை இருபதுல போட்டு வெச்சுட்டு வந்திருக்கேன். கிளம்பு."

மகள் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தாள். வீட்டு ஏசியில் எப்போதும் இருக்கும் மூக்கடைப்பு இல்லாத குரல். அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"யாருமே இல்லாத ரூம்லயா ஓடுது?"

"நீ வருவேல்ல."

"அப்பா, அங்க நான் இழுத்துப் போத்திக்கிட்டுதானே படிப்பேன். கதவைத் திறந்தா அடுப்புக்குள்ள வந்த மாதிரி இருக்கும். அம்மா கிச்சன்ல வெந்துக்கிட்டு இருப்பாங்க. இங்க எல்லா ரூமும் ஒண்ணுபோல இருக்குப்பா. சித்தி சமைச்சுக்கிட்டே எனக்குக் கேள்வி கேக்குறாங்க."

எந்த அறையில் நின்றாலும் கூலிங்காரர் கண் சுவரின் மேல்பக்கம் போகும், தொழில் பழக்கம். அப்படிப் பார்த்தபோதுதான் அந்தக் கடிகாரம் கண்ணில் பட்டது. கூரைக்கு ஒரு முழம் கீழே, மூலையில் மாட்டியிருந்தது. எந்தப் புத்தி உள்ளவனாவது கடிகாரத்தை மூலையில் மாட்டுவானா? அது கடிகாரம் மாட்டும் இடமே இல்லை, ஏசி மாட்டும் இடம். இருட்டில் விட்டாலும் அவர் கை நேராக அங்கேதான் போகும். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிக் கடிகாரத்தைக் கழற்றினார். பின்னால் மூன்று அங்குல ஓட்டை. வெளிச்சுவர் வரைக்கும் பிளாஸ்டிக் குழாய் விட்டு, பழந்துணி அடைத்திருந்தது.

"சகலை!" என்று அவர் போட்ட சத்தத்தில் மோர் தளும்பியது. "இது என்ன? ஏசி எங்க? யாரு வந்து மாட்டுனா? என்னை விட்டுட்டு வேற ஆளா?"

கோபத்தில் எது முதலில் வரவேண்டுமோ அதுதான் கடைசியில் வந்தது.

சகலை டம்ளரை வைத்துவிட்டு, மாட்டிக்கொண்டவர் போலச் சிரித்தார். "மாட்டவே இல்லண்ணா. அது உங்களுக்காக விட்டு வெச்ச ஓட்டை."

"எனக்காகவா?"

"கட்டும்போது எல்லாரும் சிரிச்சாங்க, நீங்களும் சிரிச்சீங்க. எனக்கு உள்ளுக்குள்ள உதறல். புத்தகத்தை நம்பிக் கட்டுறோம், நாளைக்கு வெந்துபோச்சுன்னா உங்ககிட்டதானே வந்து நிக்கணும்? அதான் கொத்தனார்கிட்ட சொல்லி, உங்க அளவுக்கே ஒரு குழாய் விடச் சொன்னேன். ரெண்டு கோடை போயிடுச்சு. இப்போ குளவி வந்து கூடு கட்டப் பாக்குது." கொஞ்சம் தயங்கினார். "பையில ஓட்டை அடைக்கிற மக்கு இருக்கும்ல? நீங்களே அடைச்சு விட்டுடுங்களேன். உங்க கைன்னா ஒழுகாது."

கூலிங்காரர் ஸ்டூல் மேலேயே நின்றார். இரண்டு வருடமாக இந்த வீட்டில் அவருக்கென்று ஓர் இடம் இருந்திருக்கிறது. தெரிந்திருந்தால் ஒவ்வொரு கோடையிலும் தினம் வந்து, இன்றைக்குத் தோற்பான் நாளைக்குத் தோற்பான் என்று ஆசையாகக் காத்திருந்திருப்பார். பொறாமைப்பட வந்த இடத்தில் அந்த மனுஷன் இப்படி மரியாதை செய்துவிட்டால், அப்புறம் எங்கே போய் எரிவது? எரிச்சல் அடங்கவில்லை. முன்னைவிட ஆழமாக இறங்கியது.

இதுவரை அவர் துளைத்த சுவர்களுக்குக் கணக்கே இல்லை. ஏசிக் குழாய் போகாமல் ஓர் ஓட்டையை அடைக்கப்போவது இதுதான் முதல் தடவை. பையிலிருந்து மக்கை எடுத்து உருட்டினார். வெயிலில் வந்ததில் அது ஏற்கெனவே இளகியிருந்தது. பழந்துணியை உருவினார். தூசி இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை ஓட்டையில் வைத்தார்.

அந்தப் பக்கம் காலி மனை. அதைத் தாண்டி அவர் வீட்டின் பின்பக்கம், ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிட்டது. சமையலறைப் பின்கதவுப் படியில் அவர் மனைவி உட்கார்ந்து, ஒரு தட்டை எடுத்து முகத்துக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா தெரியுது?" என்றாள் மகள்.

அவர் கண்ணை எடுக்கவில்லை. மனைவியின் தலைக்கு மேலே, மாடியில், மகளுடைய அறையின் ஜன்னல் இறுக மூடியிருந்தது. அதன் பக்கத்தில் ஏசியின் வெளிப்பெட்டி, யாருமில்லாத அறைக்காக, விசிறி தெரியாத வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.