டிரெசர் ஐயாவுக்கு ஐந்து ஊசிகள்

1

மூன்று வரைவுகளில் இவரை ‘மலாயாவில் கூலாய்க்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் ஆட்களுக்கு மருந்து கொடுக்கும் டிரெசராக இருந்த சபாபதி’ என்று எழுதியே ஒப்பேற்றிவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவர் என் அப்பா. சாவதற்கு இரண்டு வாரம் முன்பு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடி அவரே சொன்ன கதை. வெளியில் சொல்ல எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

2

(முதலில் எழுதிய தொடக்கம்: “1934. ரப்பர் மரங்களுக்கிடையே பனி…” வேண்டாம். பனிக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை.)

அப்பாவுக்கு எட்டு வருடத் தலைவலி. தோட்டத்து மருந்து அலமாரியின் சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. இருந்த மாத்திரையெல்லாம் விழுங்கிப் பார்த்துவிட்டார். அதே தலைவலி பால்மரம் வெட்டும் கருப்பாயிக்கு வந்தபோது மட்டும் அது வேலைக்கள்ளம் ஆயிற்று. விடியற்காலைப் பெரட்டில், ஆட்களெல்லாம் வரிசையில் நின்று பெயர் கொடுக்கும் இடத்தில், அவளை முன்னே கூப்பிட்டு ஒரு கிளாஸ் கொயினாத் தண்ணீரை நீட்டுவார். மலேரியாக் காய்ச்சலுக்கான அந்தக் கசப்பில் அவளுக்குக் காது இரைந்ததே தவிர வலி போகவில்லை.

கூலாய் கடைத்தெருவில் சீன வைத்தியரிடம் அவள் ஊசி குத்திக்கொள்கிறாள் என்று தெரிந்ததும், அப்பா பெரட்டில் வைத்தே, “அது தலையா, கோணிமூட்டையா, ஊசி போட்டுத் தைக்க?” என்று கேட்டார். சனம் சிரித்தது.

3

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அதே கடைக்குப் போனார். (ஏன் போனார் என்று ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். வலி தாங்கவில்லை, போனார்.)

வைத்தியர் நெற்றிப்பொட்டில் இரண்டு, புருவ நடுவில் ஒன்று, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே கைக்கொன்று என்று ஐந்து ஊசிகளை ஏற்றி, அசையக்கூடாது என்று மலாயில் சொல்லிவிட்டு உள்ளே போனார். அப்போதுதான் திரையை விலக்கிக்கொண்டு கருப்பாயி வந்தாள்.

எழுந்து ஓட முடியாது. முகத்தை மூடக் கையைத் தூக்கவும் முடியாது.

“அசையாதீங்கய்யா. கண்ண மூடிக்குங்க, செத்த நேரத்துல விட்டுரும்,” என்றாள். ஐயா கூச்சப்படுகிறார் என்று கண்டு, தான் ஊசி குத்திக்கொள்ளாமலே திரும்பிப் போய்விட்டாள்.

எட்டு வருடத்தில் முதல் தடவையாக அன்று அப்பாவுக்கு வலி விட்டது.

4

மறுநாள் பெரட்டில் அவள் தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள். யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை என்பது மற்றவர்களின் முகங்களைப் பார்த்ததுமே அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது.

அப்பா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, எல்லோர் முன்னிலையிலும்—

இல்லை. இந்த வாக்கியத்தை எத்தனை முறை எழுதினாலும் பொய்தான். பேர் பதியும் கிராணி பார்த்துக்கொண்டிருந்தார், கங்காணியும் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, வழக்கம்போல் கொயினாவை நீட்டினார். அவள் மறுக்காமல் குடித்தாள். கிளாஸைத் திருப்பிக் கொடுக்கும்போது, அவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்:

“ஐயாவுக்கு இப்ப தலவலி தேவலைங்களா?”

(குத்தலாக அல்ல. அதை அப்பா இரண்டு முறை சொன்னார். மெய்யாகவே அக்கறையோடு கேட்டாளாம்.)

5

என்ன பதில் சொன்னீங்க என்று கேட்டேன். அப்பா போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அவருக்காக நானே இரண்டு பதில் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் அழுகிறார். அதனால் கருப்பாயிக்கு என்ன லாபம்? இன்னொன்றில் “அடுத்த ஆள்” என்று கூப்பிடுகிறார். அதுதான் நடந்திருக்கும் என்று தெரிந்தும், பெற்ற மகளுக்கு அதை எழுதி முடிக்க மனம் வரவில்லை. வரிசை காத்திருக்கிறது. அவள் இன்னும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். உங்களுக்கு அவர் யாரோதானே, நீங்கள் சொல்லுங்கள்: அவளுக்கு என்ன பதில் சொன்னார்?