எந்த மாடி?

அந்த வீட்டின் ஒரே மகன் தரையை விட்டுக் கிளம்பிக் கூரையில் முட்டி நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் தேய்த்து முடித்துக் காப்பிக்குக் காத்திருந்த நேரத்தில். அன்று குழாயில் தண்ணீரும் வரவில்லை என்பதால் தெருவில் அதைத்தான் பெரிதாகப் பேசினார்கள். அவர் மேலே போனதற்குக் காரணம் அவரைப் பெற்றவர். அந்தப் பெரியவர் வேலைக்காலம் முழுவதும் ஐந்து மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டியவர். ஸ்டூலில் உட்கார்ந்து, கம்பிக் கதவை இழுத்துச் சாத்தி, பித்தளைக் கைப்பிடியைத் திருப்புவார். ஒரு தடவை பார்த்த முகத்தை மறந்ததில்லை. கண்ணாடிக்காரர் மூன்று, இருமல்காரர் நாலு, குடைக்கார அம்மா இரண்டு, ஆனால் மாதக் கடைசியில் ஐந்து. யாரும் வாயைத் திறக்க வேண்டாம், ஒரு தலையசைப்போடு கொண்டுபோய் விடுவார். புது ஆளிடம் மட்டும் "எந்த மாடி?" என்று கேட்பார். தெரிந்தவரிடம் அதைக் கேட்பது அவரைப் பொறுத்தவரை அந்த ஆளைச் செருப்பால் அடித்ததற்குச் சமம். கட்டடத்துக்குப் பொத்தான் வைத்த லிஃப்ட் வந்தபோது ஸ்டூலை அவரிடமே கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

நினைவு போகத் தொடங்கியபோது முதலில் சாவி வைத்த இடம் போனது, பிறகு கிழமை, பிறகு மனைவி செத்துப்போன விஷயம். அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடி மகனை ஏற இறங்கப் பார்த்து, "எந்த மாடி சார்?" என்றார். மகனுக்குச் சிரிப்பு வந்தது. "அஞ்சுப்பா" என்றார். ஐந்து என்பது மேலதிகாரிகளின் மாடி. மகன் தான் வேலை பார்த்த இடத்தில் கடைசி வரைக்கும் அப்படி ஒரு நாற்காலியைக் கண்ணால் பார்த்ததோடு சரி. பெரியவர் இல்லாத கதவைச் சாத்தி, இல்லாத கைப்பிடியைத் திருப்பினார். மகன் குலுங்காமல் ஏறினார். பெரியவரின் லிஃப்ட் என்றைக்குமே குலுங்கியதில்லை. "இவ்வளவு தலைக்கனத்தை வச்சிக்கிட்டு எப்படித்தான் ஏறினாரோ" என்று எதிர்வீட்டுக்காரர் ஆச்சரியப்பட்டார். மதியத்துக்குள் மின்விசிறியைக் கழற்றிவிட்டார்கள். டாக்டர் வந்து நாற்காலி மேல் நின்று ரத்த அழுத்தம் பார்த்தார், எல்லாம் சரியாக இருக்கிறது, உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து மருமகள். கையில் ஈரத்துணி வாளி இருந்ததால் யோசிக்காமல் "மொட்டை மாடி, மாமா" என்று சொல்லிவிட்டாள். ஜன்னல் வழியாக வெளியேறிப் போய், மொட்டை மாடிக்கு மேலே ஒரு ஆள் உயரத்தில் நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை யாரும் பார்த்ததில்லை. அத்தைக்கு, அதாவது பெரியவரின் மகளுக்கு, விஷயத்தைச் சொல்லி எச்சரித்துத்தான் உள்ளே விட்டார்கள். ஆனால் அவளுக்கு வாய் சும்மா இருந்தால்தானே. "பெத்த பொண்ணையே கேக்கறீங்களாப்பா" என்று ஒரு மூச்சு அழுதுவிட்டு, "மூணு" என்றாள்.

தரையில் மிச்சமிருந்தது மகனின் பெண்ணான பேத்தி ஒருத்திதான். பல் ஆஸ்பத்திரிகளுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. நாள் முழுக்க மெழுகில் ஈறு செதுக்குவாள். தாத்தாவின் வாயிலிருந்த பற்களும் அவள் செய்தவைதான். அவளைப் பார்த்தால் மட்டும் பெரியவர் எதுவும் கேட்க மாட்டார். பழைய ஆட்களுக்குக் கொடுக்கும் அந்தத் தலையசைப்பைக் கொடுப்பார். அதற்காக அவள் எதையும் செய்வாள், செய்யவும் செய்தாள். குளிப்பாட்டினாள், ஊட்டினாள், துணி மாற்றினாள், பற்களைக் கழற்றிக் கழுவி மாட்டினாள். மேலே இருப்பவர்களுக்கோ கால் ஊன்ற இடமில்லை, ஒரு கிழவரை எப்படித் தூக்குவார்கள்? "தாத்தாவுக்கு உன்னை மட்டுந்தாம்மா அடையாளம் தெரியுது. நாங்க என்ன பண்ண முடியும், நீயே சொல்லு" என்று அப்பா கூரையிலிருந்து சொல்வார். "நகம் வெட்டி எவ்ளோ நாளாச்சு பாரு" என்று அத்தை அலமாரிக்கு மேலிருந்து குறை சொல்வாள். மூன்று பேருக்கும் தட்டைக் கம்பில் வைத்து நீட்டுவதும் அவள் வேலைதான். தரையில் இருப்பவள்தானே பாத்திரமும் கழுவ வேண்டும்.

முதல் வருஷம் முழுவதும் அவளுக்கு ஒரே பயம், தன்னிடமும் அதைக் கேட்டுவிடுவாரோ என்று. மூன்றாவது வருஷம் பெரிய ஊர்க் கூடம் ஒன்று அவளை வேலைக்குக் கூப்பிட்டது. கூடவே வேலை பார்த்த ஒருவன் முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்து, நீயும் வருகிறாயா என்று இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். அதன் பிறகு பயம் எப்போது காத்திருப்பாக மாறியது என்று அவளுக்கே தெரியாது. ஏறிவிட்டால் யாரும் எதுவும் கேட்க முடியாது. நாதியற்ற கிழவர் என்று முதியோர் இல்லத்தில் சேர்த்துக்கொள்வார்கள். ஜன்னலைத் தாண்டிவிட்டால் காற்றைப் பிடித்துக்கொண்டு பெரிய ஊருக்குக்கூடப் போய்விடலாம். பதிலைத் தயாராக வைத்திருந்தாள்: ஐந்து. தலையசைப்பு வரும் ஒவ்வொரு காலையிலும் அவளுக்கு மனசு குளிர்ந்தது, அடுத்த நொடியே எரிச்சல் வந்தது. இந்தப் பாழாய்ப்போன கிழம் என்னையும் மறந்து தொலைக்கக் கூடாதா என்று நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்னையே வெறுத்தாள், மறுநாளும் நினைத்தாள்.

கேள்வி குளியலறையில் வந்தது. உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு பெரியவர் எழுந்து நின்றிருந்தார். கீழே வழவழவென்று ஈரம். அவருடைய எடை முழுவதும் அவள் தோளில் இருந்தது. அவர் முகத்தைத் திருப்பி, மிகவும் மரியாதையாக, அவள் செய்து கொடுத்த பற்களைக் காட்டிச் சிரித்து, "எந்த மாடிம்மா?" என்றார்.

ஐந்து என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவள் ஏறினால் அவர் விழுவார். இடுப்பெலும்பு போகும், அதோடு கதை முடியும். பிற்காலத்தில் தெருவில் இதைப் பாசம் என்று சொன்னார்கள். அவளைக் கேட்டால் தரை ஈரமாக இருந்தது என்பாள்.

"கீழதான், தாத்தா."

பெரியவருக்கு இது பிடிபடவில்லை. இப்படி ஒரு பதிலை அவர் தன் வேலைக்காலத்தில் கேட்டதே இல்லை. "இதுதாம்மா கீழ. இதுக்கு எதுக்கு லிஃப்ட்டு?" என்றார். பிறகு, வழி தெரியாமல் ஏறிவிட்ட பெண்ணுக்கு இரங்கி, இல்லாத கதவைத் திறந்து விட்டு, "இறங்கிக்கோம்மா" என்றார். அவள் இறங்கவில்லை. குவளையில் தண்ணீர் மொண்டு அவர் முதுகில் ஊற்றினாள். அழுகை வந்தது, அழுதாள். குளியலறையில் அழுவதில் ஒரு வசதி, தனியாக முகம் கழுவ வேண்டியதில்லை.

அதன் பிறகு தலையசைப்பு வரவில்லை. தினமும் அவளைப் புதிதாகப் பார்த்தார், தினமும் கேட்டார், தினமும் அவள் கீழ என்றாள், தினமும் அவர் இறங்கிக்கொள்ளச் சொன்னார். பெரிய ஊர் வேலை வேறு யாருக்கோ போனது. கடைசியில் பெரியவர் தூக்கத்திலேயே போனார். எதிர்வீட்டுக்காரரும் இன்னும் மூன்று பேரும் அவளும் சேர்ந்துதான் தூக்கினார்கள். "பாத்து, சாயாம தூக்குங்க" என்று அப்பா மேலிருந்து வழி சொன்னார். பெரியவர் போனதும் மேலே இருப்பவர்கள் இறங்கிவிடுவார்கள் என்று தெரு கூடிப் பார்த்தது. யாரும் இறங்கவில்லை. கூட்டம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கலைந்தது.

வருஷங்கள் போயின. அத்தை மேலேயே வாழ்ந்து முடித்தாள். அம்மா மழைக்கு மட்டும் ஜன்னலோரம் வருவாள். பேத்தியின் காதோரம் நரைத்தது. ஒரு காலை, கம்பில் தட்டை வைத்து நீட்டியபோது, அப்பா அதை வாங்காமல் கூரையிலிருந்து வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"யாரும்மா கீழ?" என்றார்.

அவள் கம்பைச் சுவரில் சாய்த்து வைத்தாள். மூலையிலிருந்த லிஃப்ட் ஸ்டூலை நடு அறைக்கு இழுத்துப் போட்டு, தட்டோடு அதன் மேல் ஏறி நின்றாள்.

"வாயைத் திறங்க" என்றாள்.