கொடிமரத்துக்கு ஒரே ஒரு மரம்

எங்கள் ஊர்ச் சிவன் கோயில் கொடிமரத்துக்கு “ஒரே ஒரு மரம்தானே” என்று 1994-இல் மரக் கான்ட்ராக்டர் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எஸ்டேட்காரர்களின் மலைக்காட்டு உச்சியில் நிற்கிறது அந்த மரம். கீழே கொண்டுவர லாரிப் பாதை வேண்டும். பாதைக்காக வெட்டுகிற மரமெல்லாம் கான்ட்ராக்டருக்கு. சாமி பேரைச் சொல்லிக் காட்டையே வழித்துவிடுவார். தாமிரபரணியில் சேரும் எங்கள் ஓடை அந்தக் காட்டில்தான் பிறக்கிறது.

ஆற்றுக்காக நாங்கள் சிலர் ஒரு குழு வைத்திருந்தோம். அதில் வாய் அதிகம் எனக்குத்தான். ஆனால் எலிசபெத் டீச்சர் என்கிற நான் போய்க் கோயில் கொடிமரத்தை மறித்தால் ஊர் இரண்டாகிவிடும். கான்ட்ராக்டர் அதற்காகத்தான் காத்திருந்தார்.

பேசவேண்டியவள் சொர்ணாம்பாள். அவளும் எங்கள் குழுதான். ஆனால் புதுக் கொடிமரமே அவளுடைய உபயம். பிள்ளை இல்லாத வீடு. காலமான கணவரின் பெயரை அதன் செப்புத் தகட்டில் பொறித்துப் பார்த்துவிடவேண்டும் என்பது ஒன்றே அவள் ஆசை. அவளிடம் எந்த முகத்தோடு கேட்பது? நான் கேட்கவில்லை.

கோயில் மண்டபத்தில் கூட்டம் நடந்தது. நான் வெளியே, செருப்பு விடும் இடத்தில் நின்றேன். சொர்ணாம்பாள் எழுந்து ஸ்தபதியைப் பார்த்தாள்.

“மரத்த வெட்டுததுக்கு முன்னால ஒரு பூசை உண்டுல்லா? அதுல என்ன சொல்லுவீக?”

“இதுல குடியிருக்க உயிரெல்லாம் வேற இடத்துக்குப் போயிருங்கன்னு வேண்டிக்கிடுவோம் தாயி. அதச் சொல்லாம கோடாலி வைக்கக் கூடாது.”

“அப்பம் பாதைக்கு வெட்டுத மரத்துக்கெல்லாம்?”

“அது சும்மா காட்டு மரம்லா” என்று கான்ட்ராக்டர் சிரித்தார்.

அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நம்ம கொடிமரத்துக்காவத்தான அதுவும் விழுது? அதுக்கும் சொல்லணும்லா. காடே போனா அதுகள எங்கன போகச் சொல்லுவீக?”

ஸ்தபதி தலையைக் குனிந்துகொண்டார். “எனக்குச் சொல்லத் தெரியல தாயி. அந்த மரம் வேண்டாம்” என்றார். ஸ்தபதியே வேண்டாமென்றபின் யார் கை வைப்பார்கள்? கான்ட்ராக்டர் மூஞ்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அவளுடைய கொழுந்தன் அருணாசலம்தான் கோயில் தர்மகர்த்தா. “பழைய மரத்தையே சரி பண்ணிக்கிடலாம் மதினி” என்றார் தயங்கித் தயங்கி. “ஆனா அதுல பழைய உபயக்காரங்க பேருல்லா இருக்கு. அண்ணன் பேரு வராதே.”

“தெரியும் தம்பி” என்றாள்.

நான் மைக் பிடித்துக் கத்துவேன், மறியலில் ரோட்டில் உட்காருவேன். இதைச் செய்திருப்பேனா? மாட்டேன். அன்றைக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

வெளியே வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவுக கோவப்படுவாகளா டீச்சர்?”

“மாட்டாக சொர்ணம்” என்று சொல்லி முடிப்பதற்குள் நான் அழுதுவிட்டேன்.