நடுமண்டலத்துத் தூக்குவாளி

விண்மீன் மண்டலங்கள் கொத்தாகக் குடியிருக்கும் அந்தப் பக்கத்தில், நட்டநடுவில் இருந்த பெரிய மண்டலம் வெள்ளையம்மாளுடையது. அவளுடைய ஆறு மகன்களும் கல்யாணமான கையோடு ஆளுக்கொரு சின்ன மண்டலம் பார்த்துத் தனிக்குடித்தனம் போனார்கள். ஐந்து பேருடையது ஏற்கெனவே நடுவில் போய்ச் சேர்ந்துவிட்டது. ஐந்து மருமகள்களும் இப்போது ஒரே அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறார்கள். மிச்சம் கடைக்குட்டி சடையாண்டியின் மண்டலம் மட்டும்தான்.

அவன் பெண்டாட்டி செவந்திக்கு அதன்மேல் உயிர். ஓரமாகக் கிடந்தாலும் சொந்த அடுப்பு. நினைத்த நேரத்தில் உலை வைக்கலாம், வைக்காமலும் இருக்கலாம். அந்தச் சுகம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

வெள்ளையம்மாள் யாரையும் பிடித்து இழுக்கிறவள் இல்லை. தினமும் மத்தியானம் தூக்குவாளியில் குழம்பு கொடுத்தனுப்புவாள், அவ்வளவுதான். நாலு பேரோடு பழகின குடும்பத்தில் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரமாட்டார்கள். செவந்தியும் வாளியைக் கழுவித் துடைத்து, இரண்டு கை நட்சத்திரம் அள்ளிப் போட்டுத்தான் அனுப்புவாள். மூத்தவர்கள் ஐவரும் அப்படி அள்ளிப் போட்டே கரைந்தவர்கள். சடையாண்டிக்கோ கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. தனிக்குடித்தனமும் வேண்டும், ஆத்தா வைத்த கருவாட்டுக் குழம்பும் வேண்டும்.

ஒரு நாள் செவந்தி நட்சத்திரம் அள்ளப் போனபோது, மண்டலத்தில் பாதி இருட்டிக் கிடந்தது.

"ஏங்க, இன்னும் ரெண்டு மூணு கொழம்புக்குத்தான் தாங்கும். அப்பறம் நானும் அங்க போயி ஒக்கார வேண்டியதுதான்." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"கொழம்பு வேணாம்னு சொல்லிப்புடவா?" என்றான் சடையாண்டி, வாயைத் துடைத்துக்கொண்டே.

"பெத்தவ குடுக்குறத வேணாம்பாகளா? கேக்குறவுக என்னத்தச் சொல்லுவாக?"

செவந்தி மூக்கைச் சிந்திவிட்டு யோசித்தாள். மறுநாள் மாமியாரின் வாளி கிளம்புமுன்னே மிளகு ரசம் வைத்துத் தன் வாளியை முதலில் அனுப்பிவிட்டாள்.

அடுத்தவள் கையால் வைத்த ரசத்தை வெள்ளையம்மாள் குடித்து யுகக்கணக்காகியிருந்தது. வாளியை வழித்துக் குடித்தாள். பிறகு, வெறும் வாளி அனுப்ப முடியாதே என்று நட்சத்திரங்களை நிரப்பி அனுப்பினாள். அதன்பின் இங்கிருந்து ரசம் போவதும் அங்கிருந்து நட்சத்திரம் வருவதுமாக இருந்தது. இருட்டியிருந்த பாதி வெளுத்தது. செவந்தி பாடிக்கொண்டே மிளகு இடித்தாள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள், பாவம்.

அன்றைக்கு வாளி ரொம்பக் கனமாக வந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளையம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"கைக்கு எட்டுனதெல்லாம் அனுப்பிட்டேன் தாயி. வெறும் வாளி குடுத்துவிட மனசு வரல," என்றாள். "ரசம் சூடா இருக்கா?"

செவந்தி அவளைக் கைத்தாங்கலாக வெளியே எடுத்து உட்காரவைத்தாள். மாமியார் ரசத்தைக் குடிக்கக் குடிக்க, கனமெல்லாம் இந்தப் பக்கம் சாய்ந்தது. பெரிய மண்டலம் மெல்ல நகர்ந்து வந்து வாசலில் முட்டி நின்றது.

ஐந்து மருமகள்களும் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக உள்ளே வந்தார்கள். எல்லாரும் செவந்தியைவிட மூத்தவர்கள்.

"இன்னைக்கி என்ன கொழம்பு அத்தை?" என்று செவந்தியைப் பார்த்துக் கேட்டாள் முதலாமவள்.

செவந்தி இடுப்பில் சேலையைச் சொருகிக்கொண்டாள்.

"புளிக்கொழம்பு," என்றாள்.